சம்பந்தியிடம் லைசென்ஸ் கேட்பது

ஆகஸ்ட் 4, திங்கள்

காலையில் இரண்டு பேருக்கு டிரைவிங் கிளாஸ். ஒரு பெண் ரிவர்ஸ் எடுக்கச் சொன்னால் கண்ணை மூடிக்கொள்கிறாள். அடுத்தவர் வங்கி மேனேஜர். கிளட்சை அமுக்கியபடியே உடுமலைப்பேட்டை முழுவதையும் எனக்குச் சுற்றிக்காட்டினார். என் பக்கத்து பிரேக்கை மிதித்து மிதித்து வலது கால் வீங்காத குறைதான். முப்பது வருஷப் பழக்கம், பஸ்ஸில் உட்கார்ந்தாலும் என் கால் தரையை அமுக்கும். போன மாதம் பக்கத்து சீட்டுக்காரர் தன் பையை மிதிக்கிறேன் என்று சண்டைக்கு வந்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் சம்பந்தியின் செருப்பு. மகள் கோகிலவாணியின் மாமனார் கனகசபாபதி, காங்கயத்திலிருந்து கட்டுச்சோறு விருந்துக்கு நாள் குறிக்க வந்திருந்தார். ஆவணி பிறந்ததும் 24ஆம் தேதி, ஞாயிறு. வகை வகையாகச் சோறு கட்டிக்கொண்டு போய் அவர்கள் சொந்தபந்தம், ஒறம்பரைக்கெல்லாம் பரிமாறிவிட்டு, மகளைப் பிரசவத்துக்கு இங்கே அழைத்து வரவேண்டும். ஐந்து வகையா ஏழு வகையா என்று என் மனைவி வசந்தாமணிக்கு இப்போதே கவலை.

நாள் குறித்த கையோடு சம்பந்தி தோல்பையைத் திறந்தார். தங்க நிறக் குடை போட்ட வழவழ அட்டை. 'பொற்குடை சுகக் காப்புத் திட்டம்'. அவர் அதற்கு மண்டல அமைப்பாளராம். சட்டைப் பையில் பேட்ஜ் குத்தியிருந்தார். ரிட்டயர் ஆனபிறகு வீட்டில் யாரும் தன்னை எதற்கும் கேட்பதில்லை என்று ஒருதரம் வருத்தப்பட்டிருக்கிறார். இன்று அரை மணி நேரத்துக்குள் அவருக்கு நாலு போன் வந்தது. ஒவ்வொன்றையும் எழுந்து நின்று பேசினார்.

"ஏனுங் சம்பந்தி, இப்ப வேற கம்பெனிக்குத்தானுங்களே கட்டறீங்? அத விட்டுப்போடுங். இதுல பாதிகூட ஆகாது. குடும்பத்துக்கே ஒரே அட்டை. ஆஸ்பத்திரில படுத்தா நாளைக்கு இத்தனைன்னு கைல குடுத்துருவாங்."

"உங்க கண் ஆபரேஷனுக்குக் குடுத்தாங்களா?" என்று கேட்டேன். பேச்சுக்குத்தான் கேட்டேன்.

"வந்துருமுங்... வந்துருச்சுங்" என்றார். பிறகு வசந்தாமணி பக்கம் திரும்பி, காப்பிக்கு இன்னும் ஒரு ஸ்பூன் சர்க்கரை கேட்டார். அவருக்குச் சர்க்கரை வியாதி. மறந்துவிட்டார் போல.

விருந்தன்று ஒறம்பரை எல்லாம் கூடியிருக்கும்போது நான்தான் முதல் ஆளாகச் சேரவேண்டும் என்றார். எனக்குக் கைராசியாம். புது வண்டி வாங்குகிறவர்கள் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற என்னைத்தான் கூப்பிடுவார்கள், அதை வைத்துச் சொல்கிறார். "நீங்க போட்டாப் போதுமுங், மத்தவங்க தானா வந்துருவாங்."

"ஆகட்டுங்" என்றேன். பெண்ணைக் கொடுத்த இடத்தில் வேறு என்ன சொல்வது? அவர் எதிரிலேயே அட்டையைத் திருப்பிப் படிப்பதுகூட மரியாதையாகப் படவில்லை.

கிளம்பும்போது, பையன் கார் வாங்கியிருக்கறானுங், எனக்கும் ஓட்டச் சொல்லிக்குடுங் என்றார். "மொதல்ல எல்.எல்.ஆர். எடுத்துட்டு வாங். அது இல்லாம ஸ்டியரிங்கத் தொட உடமாட்டனுங்" என்றேன். சிரித்துக்கொண்டே போனார்.

வசந்தாமணி சாப்பிடவில்லை. வாயு என்கிறாள். நானும் வாயு என்றுதான் நினைக்கிறேன்.


ஆகஸ்ட் 5, செவ்வாய்

வண்டிக்குப் பின் டயர் இரண்டும் மாற்றவேண்டும். எங்கள் பழைய மருத்துவப் பாலிசிக்குப் பணம் கட்ட 20ஆம் தேதி கடைசி. இரண்டுக்கும் ஒரே காசுதான் இருக்கிறது.


ஆகஸ்ட் 7, வியாழன்

வாயு இல்லை, கல். பித்தப்பையையே எடுக்கவேண்டுமாம். ஸ்கேனைப் பார்த்துவிட்டு டாக்டர், "விசேஷத்த முடிச்சிட்டு வாங்கம்மா. அதுக்கு மேல தள்ளிப்போடாதீங்க" என்றார். சின்ன ஆபரேஷன். எனக்குத் தெரிந்து நாலு பேருக்கு ஆகி நன்றாக நடமாடுகிறார்கள். ஐந்தாவதாக ஒருவரும் உண்டு. அதை அவளிடம் சொல்லவில்லை.

டாக்டர் பேசும்போது நான் தரையை மிதித்துக்கொண்டிருந்தேன் என்று வசந்தாமணி சொல்கிறாள். புதுச் செருப்பு கடிக்கிறது என்றேன்.

சம்பந்தி வீட்டுக்கு இதைச் சொல்லவேண்டாம் என்று அவள் கட்டளை. மாசமாக இருக்கிற பெண் பயந்துகொள்வாளாம்.

நாளையிலிருந்து காலை டீயை நானே போடுவதாக இருக்கிறேன். அவள் போடும் டீ கொஞ்ச நாளாகவே சரியில்லை.


ஆகஸ்ட் 9, சனி

பொற்குடை அட்டையை இன்றுதான் முழுதாகப் படித்தேன். முன்பக்கத்தில் சிரிக்கிற குடும்பம். பின்பக்கத்தில் எறும்பு ஊர்கிற எழுத்து. நாளொன்றுக்கு ஒரு தொகை கொடுப்பார்கள், அதுவும் வருஷத்துக்குச் சில நாள் மட்டும். ஆபரேஷன் செலவு, டாக்டர் பீஸ், மருந்து எதுவும் இதில் அடங்காது. ஏற்கெனவே இருக்கிற நோய்க்கும் கிடையாது. வசந்தாமணியின் கல் ஏற்கெனவே இருக்கிற நோய் ஆகிவிட்டதே.

குடும்பத்துக்கே ஒரே அட்டை என்று சம்பந்தி சொன்னாரே, அவர் இதைப் படித்தாரா? கண் ஆபரேஷன் ஆனவர், எழுத்தும் பொடிசு. படித்திருக்கமாட்டார்.

எந்தக் காப்பீட்டுக் கம்பெனி பணம் தரப்போகிறது என்று தேடினேன். ஒரு பெயரும் இல்லை. கீழே 'அரசுப் பதிவு பெற்றது' என்று போட்டு நீளமாக ஒரு எண்.

சந்தேகமெல்லாம் ஒன்றும் இல்லை. தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது, அவ்வளவுதான்.


ஆகஸ்ட் 11, திங்கள்

வங்கி மேனேஜரை இன்று பாதியிலேயே இறக்கிவிட்டேன். அவர் மேல் தப்பில்லை, எனக்கு மனசு ஒருநிலையில் இல்லை.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் வலைத்தளத்தில், காப்பீடு விற்க அனுமதி பெற்ற கம்பெனிகளின் பட்டியல் இருக்கிறது. போனில் பார்த்தேன். என் கட்டைவிரலுக்கு அந்த எழுத்து அடங்கவில்லை, ஒன்றைத் தொட்டால் வேறொன்று திறக்கிறது. ஒருவழியாக மேலிருந்து கீழே பார்த்தேன். பொற்குடை இல்லை. நான் சரியாகப் பார்க்கவில்லையோ என்று அவர்கள் உதவி எண்ணுக்கே போன் போட்டேன். தமிழில் ஒரு பெண் பேசினாள்.

"அந்தப் பேர்ல பதிவு பெற்ற கம்பெனி எதுவும் இல்லைங்க சார். வேற கம்பெனிக்காக விக்கறாங்கன்னா அந்தக் கம்பெனி பேர் அட்டையில இருக்கணும். ஒவ்வொரு பாலிசிக்கும் ஆணையம் குடுத்த தனி எண்ணும் இருக்கும். அது இருக்கா?"

பதிவு எண் என்று போட்டிருந்ததை வாசித்துக் காட்டினேன்.

"இது கம்பெனி ஆரம்பிச்சதுக்கான பதிவு எண் சார். இன்சூரன்ஸ் விக்கறதுக்கு இது அனுமதி இல்லை."

அட்டையில் போட்டிருந்த கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கும் பேசினேன். இன்சூரன்ஸ் கவுன்டரில் இருந்தவர் இரண்டு தரம் பெயரைக் கேட்டுக்கொண்டு, "அப்படி ஒரு கார்டு எங்ககிட்ட செல்லாதுங்க" என்றார்.

சாயங்காலம் எங்கள் பழைய கம்பெனியின் கிளைக்கு நேரிலேயே போனேன். நாள்கணக்கில் பணம் தரும் சின்ன பாலிசி தப்பான பொருள் இல்லையாம். அனுமதி பெற்ற கம்பெனிகளே விற்கின்றனவாம். பெரிய பாலிசியோடு கூடுதலாக வைத்துக்கொள்ளலாம், அதற்குப் பதிலாக வைக்கக் கூடாது என்றார் அங்கிருந்தவர். "உங்களுக்கு அஞ்சு வருஷம் ஓடியிருக்குங்க. கல்லுக்கு உண்டான காத்திருப்புக் காலமெல்லாம் முடிஞ்சுது. இப்ப விட்டுட்டு வேறெங்க போனாலும் மொதல்ல இருந்து எண்ணுவாங்க."

ஆக, சம்பந்தி பேச்சைக் கேட்டுப் பழையதை விட்டிருந்தால் வசந்தாமணிக்குக் கையில் ஒன்றும் இருந்திருக்காது. வண்டியில் திரும்பி வரும்போது நெஞ்சு அடித்துக்கொண்டது. வெயில் அதிகம்.


ஆகஸ்ட் 13, புதன்

பாலிசி கட்டியாகிவிட்டது. டயர் இன்னும் இரண்டு மாதம் தாங்கும். நான் போட்ட டீயை வசந்தாமணி இன்றும் பாதியிலேயே வைத்துவிட்டாள்.


ஆகஸ்ட் 16, சனி

ஆடி இன்றோடு முடிந்தது. சம்பந்திக்குப் போன் செய்து ஜாடையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"சம்பந்தி, இப்பெல்லாம் நெறைய ஏமாத்து வேலை நடக்குதுங்களாமே, பேப்பர்ல போட்டிருந்தாங்."

"ஆமாங்! அதனாலதான் சொல்றனுங், நம்ம சனத்துக்கிட்ட நாமளே போய்ச் சேக்கோணும். வெளியாளு வந்தா யாரு எவருன்னு தெரியுமுங்களா?"

"கம்பெனியப் பத்தி விசாரிச்சீங்களா?"

"உங்களுக்கு எதுக்குங் அந்தக் கவலை? நான் இருக்கறனுங்!"

இதற்கு மேல் என்ன பேசுவது? எங்கள் ஆட்கள் மாட்டுச் சந்தைக்குப் போனால் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாடு வாங்கமாட்டார்கள். சொந்தக்காரர் விற்றால் மாடு இருக்கிறதா என்றுகூடப் பார்க்கமாட்டார்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தானே, திட்டி என்ன பயன்.

பழைய பாலிசியைக் கட்டியதைச் சொல்லவில்லை. கைராசிக்காரர் எப்ப வர்றாருன்னு எல்லாரும் கேக்கறாங் என்றார். போனை வைத்தேன்.


ஆகஸ்ட் 18, திங்கள்

வசந்தாமணியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பாலிசி கட்டியது அவளுக்கு முன்பே தெரியுமாம். டயர் கடைக்காரர் மனைவி கோயிலில் சொன்னாளாம், உங்க வீட்டுக்காரர் டயர் வேண்டாம்னுட்டாரு என்று.

"விருந்துல நீங்க கையெழுத்துப் போடலீன்னா அவருக்கு அவமானம். போட்டீங்கன்னா பின்னால அத்தன பேரும் போடுவாங்க. அந்தப் பாவம் உங்குளுக்கு வேணுமா?" என்றாள்.

"என்ன பண்ணச் சொல்ற? சம்பந்திகிட்டப் போய் உங்க கம்பெனிக்கு லைசென்ஸ் இருக்குதான்னு கேக்கறதா? கோகிலா அந்த வீட்டுலதான இருக்கா?"

"ஏனுங், அன்னைக்கு அவருகிட்ட எல்.எல்.ஆர். கேட்டீங்களே. அப்ப மட்டும் சம்பந்தியாத் தெரியலீங்களா?"

"அது தொழிலு."

"இதும் அதேதானுங்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனாள். இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனாள். சுள்ளென்று இருந்தது எனக்கு. இத்தனை நாளாக மரியாதை என்று நான் சொல்லிக்கொண்டிருந்தது பயம்.

சம்பந்திக்குப் போன் செய்து, எல்.எல்.ஆர். வந்துருச்சுங்களா என்றேன். வந்துவிட்டதாம்.


ஆகஸ்ட் 20, புதன்

பாத்திரம் கொண்டுபோய் இறக்குகிற சாக்கில் டிரைவிங் ஸ்கூல் வண்டியை எடுத்துக்கொண்டு காங்கயம் போனேன். கோகிலாவுக்கு நடை கனத்துவிட்டது, முகம் நன்றாக இருக்கிறது. அம்மா ஏன் வரலை என்றாள். முறுக்கு சுடுகிறாள் என்றேன்.

சம்பந்தி வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு தயாராக நின்றார். பேன்ட் போட்டுட்டு வாங் என்று திருப்பி அனுப்பினேன். ஊருக்கு வெளியே ஆள் இல்லாத ரோட்டில் ஸ்டியரிங்கைக் கொடுத்தேன். வண்டிக்குள் ஏறிவிட்டால் எனக்கு எல்லாரும் ஒன்றுதான். கலெக்டரே வந்தாலும் திட்டு வாங்காமல் இறங்கமுடியாது.

"கிளட்ச உடுங். உடுங்ங்கறேன்! எதுக்கு அதும்மேலயே உக்காந்திருக்கறீங்?"

"சரிங் மாஸ்டர், சரிங் மாஸ்டர்."

பயப்படுகிற ஆள், ஆனால் சொன்னதைக் கேட்கிறார். மூன்றாவது கியர் விழுந்ததும் குழந்தை மாதிரி சிரித்தார். எனக்குச் சொல்லவே மனசில்லை. ஆனால் வசந்தாமணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு போனது கண்ணுக்குள் நின்றது.

"ரோட்டப் பாத்துட்டே பதில் சொல்லுங். எல்.எல்.ஆர். கேட்டனே, உங்க மேல நம்பிக்கை இல்லாமயா கேட்டேன்?"

"ச்சே, அது சட்டமுங்களே."

"இதுவும் சட்டந்தானுங். பொற்குடைக்காரங்களுக்கு இன்சூரன்ஸ் விக்க லைசென்ஸ் இருக்குதுங்களா?"

வண்டி குலுங்கி நின்றுவிட்டது. அவர் திரும்ப ஸ்டார்ட் செய்யவில்லை. நான் விசாரித்ததையெல்லாம் சொன்னேன். "அட்டையில போட்டிருக்கற நம்பரு ஆர்.சி. புக்கு மாதிரிங். வண்டி ஒன்னு இருக்குதுன்னுதான் அது சொல்லும். ஓட்டறவனுக்கு லைசென்ஸ் இருக்குதுன்னு சொல்லாது."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"கண்ணுக்கு ஒத்தப் பைசா வரலீங் மாஸ்டர்" என்றார். "கேட்டா, பத்துக் குடும்பத்தச் சேத்துனாத்தான் கிளெய்ம ரிலீஸ் பண்ணுவோம்ங்கறாங். பையன்கிட்டச் சொல்ல வெக்கமாப் போச்சு. பழைய பாலிசிய வேற நானே விட்டுத் தொலச்சனுங். நீங்க மொதல்ல போட்டா மத்தவங்களும் போடுவாங், என் பணமும் வந்துருமுன்னு..."

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

சட்டை நுனியில் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

எனக்குக் கோபம் வந்தது. வந்தது என்ன, கண் இருட்டியது. "வசந்தாமணிக்குப் பித்தப்பையில கல்லுங். விசேஷம் முடிஞ்சதும் ஆபரேஷன். உங்க பேச்சக் கேட்டு நான் பழசக் கட்டாம விட்டிருந்தா?" என்று கத்தினேன். ஜன்னல் கண்ணாடி ஏற்றியிருந்தது நல்லதாகப் போயிற்று.

அவர் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். "தெரியாதுங். தங்கச்சிக்கு இப்படின்னு எனக்குத் தெரியாதுங்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

இறங்கி இந்தப் பக்கம் உட்காருங்கள் என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. பாதியில் இறக்கிவிட்டால் ஆள் அப்புறம் ஸ்டியரிங்கைத் தொடவே மாட்டான், நான் பார்த்திருக்கிறேன். "ஸ்டார்ட் பண்ணுங்" என்றேன். வீடு வரைக்கும் அவரேதான் ஓட்டினார். விருந்தன்று என்ன செய்யப்போகிறார் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.


ஆகஸ்ட் 22, வெள்ளி

புளி, எலுமிச்சை, தேங்காய், எள்ளு, தயிர், சர்க்கரைப் பொங்கல். ஏழாவதுக்கு மல்லிச்சோறு என்று முடிவாகியிருக்கிறது. சம்பந்தியிடமிருந்து போன் இல்லை.


ஆகஸ்ட் 24, ஞாயிறு

மண்டபத்தில் நல்ல கூட்டம். கோகிலாவுக்கு இரண்டு கையிலும் வளையல் நிறைந்து முழங்கை வரை போய்விட்டது. வசந்தாமணி வலி மாத்திரை போட்டுக்கொண்டு வந்து ஒன்றும் இல்லாத மாதிரி சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கே நின்றாலும் நாற்காலி ஒன்று பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.

பொற்குடையிலிருந்து ஒருவன் டை கட்டிக்கொண்டு வந்திருந்தான். பந்தி ஆரம்பிக்கிற நேரம் பார்த்து மைக்கைப் பிடித்து, பெரியவர் இப்போது ஒரு நல்ல செய்தி சொல்வார் என்றான். கனகசபாபதி எழுந்தார். ஒறம்பரை மொத்தமும் என் பக்கம் திரும்பியது, கைராசிக்காரன் நான்தானே. என் கையில் எள்ளுச்சோற்றுக் கரண்டி. வீசிவிட்டு ஓடிவிடலாம் போல இருந்தது.

"தம்பி, உங்க கம்பெனிக்கு இன்சூரன்ஸ் விக்க லைசென்ஸ் இருக்குதுங்களா?" என்றார் சம்பந்தி, மைக்கிலேயே.

அவன் சிரித்தபடி பையிலிருந்து கண்ணாடி போட்ட சான்றிதழை எடுத்து நீட்டினான். சம்பந்தி மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"இது ஆர்.சி. புக்குங் தம்பி. நான் லைசென்ஸக் கேட்டேன்."

யாருக்கும் புரியவில்லை. பிறகு அவரே எல்லாவற்றையும் சொன்னார், கண் ஆபரேஷன், வராத பணம், பத்துக் குடும்பம், எல்லாம். "எங்க சம்பந்தி மட்டும் விசாரிக்கலீன்னா உங்க எல்லார்த்தையும் நான் இழுத்து விட்டிருப்பனுங். அவரு கேட்டாரு. நான் கேக்கோணும்னு எனக்குத் தோணல" என்று சொல்லிவிட்டு மைக்கைத் தாழ்த்தினார். அவர் மனைவி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாப்பிள்ளை போய் அப்பாவின் கையிலிருந்து மைக்கை வாங்கி, அவரை உட்கார வைத்தார். கையை விடவே இல்லை. பேட்ஜ் அவர் சட்டையில் இல்லை என்பதை அப்போதுதான் பார்த்தேன்.

டை கட்டியவன் நழுவப் பார்த்தான். "எங்கீங் போறீங், சாப்புட்டுப் போங். அதுக்குள்ள உங்க ஆபீஸ் விலாசத்த எழுதிக்கறோம்" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா தோளில் கைபோட்டுப் பந்தியில் உட்கார வைத்துவிட்டார். அவனுக்கு நானே பரிமாறினேன். புளிச்சோற்றை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

கோகிலாவை அழைத்து வந்துவிட்டோம்.


ஆகஸ்ட் 25, திங்கள்

சம்பந்தியும் மாப்பிள்ளையும் போலீசில் புகார் கொடுத்திருக்கிறார்கள். ஆணையத்துக்கும் எழுதியாயிற்று. பணம் வருமா என்பது சந்தேகம்தான். கோகிலாவிடம் ஆபரேஷனைச் சொன்னோம். எங்களை ஒரு பாட்டம் திட்டினாள், அப்புறம் அம்மா மடியில் படுத்துக்கொண்டாள்.


ஆகஸ்ட் 28, வியாழன்

இன்று ஆபரேஷன். காலையில் இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து ஒப்புதல் வந்துவிட்டது. கையிலிருந்து கட்டவேண்டியது கொஞ்சம்தான்.

சம்பந்தி முதல் பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கே வந்துவிட்டார். கார் இருக்க ஏனுங் பஸ் என்றதற்கு, "எல்.எல்.ஆர். வச்சுட்டுத் தனியா ஓட்டக்கூடாதுன்னு சொல்லிக்குடுத்தீங்களே" என்றார். ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வசந்தாமணியை ஸ்டிரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பச்சைத் துணிக்குள் சின்னதாகத் தெரிந்தாள். "வீட்டு மோட்டாருக்கு ஒருக்கா தண்ணி ஊத்திப் பாருங், நேத்து எடுக்கல" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். கதவு மூடியது.

"பயமா இருக்குதுங்களா?" என்றார் சம்பந்தி.

"எனக்கென்னுங் பயம்."

கீழே பார்த்தார். பிறகு குனிந்து என் முழங்கால் மேல் கை வைத்தார்.

"மாஸ்டர், பிரேக்க உடுங்."

பார்த்தேன். வலது கால் தரையை அமுக்கிக்கொண்டிருந்தது.

"இங்க ஓட்டறது நீங்க இல்லீங். அவங்க லைசென்ஸ் எடுத்தவங்கதானுங்" என்றார்.

காலை எடுத்தேன். எடுத்ததும் அழுகை வந்துவிட்டது. பயந்துதான் போயிருந்தேன், ஸ்கேன் பார்த்த அன்றிலிருந்து. சம்பந்தி தன் துண்டைக் கொடுத்தார், வாங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

மாலையில் வசந்தாமணி கண் விழித்தாள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது. டீ வேண்டும் என்றாளாம். இன்றைக்குக் கூடாது, நாளைக்கு வீட்டிலிருந்து கொண்டுவரச் சொல்கிறேன் என்றாராம் நர்ஸ்.

"யாரு போட்டதுன்னு கேட்டுட்டு வாங்குங்கம்மா" என்றாளாம் இவள்.